சுபாவின் பங்கு

மார்ச் 10, திங்கள்

இந்த டைரி இறால் தீவனக் கடையில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்தது. சுபா எடுத்து வைத்துக்கொண்டாள். முதல் பக்கத்தில் அவள் பெயரும், ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு என்றும் எழுதியிருக்கிறது. அதற்கப்புறம் எல்லாம் வெள்ளைப் பக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மளிகைச் சாமான் எழுதிக் கொடுத்தால்கூட என் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டுத்தான் கடைக்குப் போவாள். இப்போது சுழிக்க ஆள் இல்லை. எப்படி வேண்டுமானாலும் எழுதலாம்.

வெள்ளிக்கிழமை அவளுக்குக் காரியம் முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். படையலில் நான் பழைய சோறும் சுட்ட நெத்திலிக் கருவாடும் வைத்தேன். காரியத்தில் யாராவது பழைய சோறு படைப்பார்களா என்று நாத்தனார் கேட்டாள். பிள்ளை கேட்டது அதுதான் என்றேன். எப்போது கேட்டாள் என்று சொல்லவில்லை.

காக்காய்க்கு வைத்தது போக இலையில் நிறைய மிச்சம் இருந்தது. யாருக்கும் வாயில் வைக்க முடியவில்லை. மாட்டுக்குப் போடுகிறேன் என்று நாத்தனார் எடுத்தாள். நான் வாங்கிக்கொண்டு போய் எங்கள் இறால் குட்டையில் போட்டேன்.

குட்டைப் பக்கம் நான் அதிகம் போனதில்லை. அது அவர் இடம். தை மாதக் கடைசியில் குஞ்சு விட்ட அன்றுதான் மூன்று பேரும் சேர்ந்து போனோம். குஞ்சு வந்த பைகளில் முதல் பையை அவிழ்த்தது சுபா. அப்பா சொன்னபடி பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்சூடும் வெளிச்சூடும் ஒத்துப்போன பிறகு மெதுவாகச் சாய்த்தாள். தலைமயிரைப் பொடியாக வெட்டிப் போட்டது போல இருந்தன. "அம்மா, இதுக்குக் கண்ணு மட்டும்தான் இருக்கு" என்றாள்.

அவை எல்லாம் இப்போது விரல் நீளம் வளர்ந்திருக்கின்றன. சோறு விழுந்த இடத்துக்குக் கூட்டமாக வந்தன.

மார்ச் 12, புதன்

மூன்று பேருக்கு உலை வைத்துவிட்டேன். நேற்றும் அப்படித்தான். கை பழக்கம்.

மிஞ்சியதைக் கொட்ட மனசில்லை. தூக்குவாளியில் போட்டுக்கொண்டு குட்டைக்குப் போனேன். அவள் பங்கு, அவள் விட்ட குஞ்சுகளுக்குப் போகட்டும்.

மார்ச் 15, சனி

அவர் வீட்டில் சாப்பிடுவதில்லை. காலையில் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு குட்டைக்குப் போகிறார். சாயங்காலம் கழுவிக் கொண்டுவந்து வைக்கிறார். மெலிந்துவிட்டார். சட்டை தோளில் நிற்கவில்லை.

முன்பெல்லாம் என்னைச் சுபாம்மா என்றுதான் கூப்பிடுவார். என் பெயர் தையல்நாயகி என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும். இப்போது ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இந்தா" என்கிறார். இன்று வாசலில் நின்று சொன்னார்.

"இந்தா. இந்தத் தடவை குட்டை போச்சுன்னா நான் இங்க இருக்க மாட்டேன். திருப்பூர்ப் பக்கம் போயிடுவேன். நீ ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடு."

நல்லபடி வந்தால் இருப்பீர்களா என்று கேட்க வாய் வரவில்லை. அண்ணன் வீட்டில் என்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சுபா கொடியில் போட்ட பாவாடை இன்னும் அப்படியே கிடக்கிறது. அதை எடுத்து மடிக்கிற நாள் வரக் கூடாது. குட்டை நிற்க வேண்டும். அது நின்றால்தான் இந்த வீடு நிற்கும்.

மார்ச் 18, செவ்வாய்

சுபாவின் பள்ளிக்கூட டிபன் பாக்ஸைக் காணவில்லை. பச்சை மூடி போட்டது. அலமாரி முழுக்கத் தேடினேன். நாத்தனார் சாமானோடு போயிருக்கும். கேட்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. கேட்டால் அழுவேன்.

மார்ச் 20, வியாழன்

லேப்பிலிருந்து பெனிட்டா வந்தாள். கடைத்தெருவில் இறால் குட்டைத் தண்ணீரைப் பார்த்துச் சொல்லும் லேப் இருக்கிறது, அதில் வேலை பார்க்கிற பெண். ஸ்கூட்டியில் பாட்டில்களைக் கட்டிக்கொண்டு குட்டை குட்டையாகப் போவாள். அடுத்த குட்டைக்காரர் அமிர்தலிங்கம் அண்ணன் அவளைக் கண்டால் விடமாட்டார்.

"டாக்டரம்மா, எறாலுக்கு ஊசி எங்க போடுவீங்க, வாலுலயா?"

"எறாலுக்கு எதுக்குண்ணே, தீவனத்தக் கொட்டுற கைக்குத்தான் போடணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த பிறகு, எப்படி வந்தது என்று பயமாக இருந்தது.

தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றாள். போன தடவை எடுத்த தண்ணீரைத் தடவி அவள் கொண்டுவந்த வட்டத் தட்டில் மஞ்சள் புள்ளிகள் கொஞ்சம் இருந்தன. பச்சைப் புள்ளி இல்லை. பச்சைதான் கெட்ட கிருமியாம், விப்ரியோ என்று பெயர். அது நம் குட்டைக்கு வராமல் தடுக்க வழி உண்டா என்று கேட்டேன்.

"அது வந்துகிட்டேதான் இருக்கும் அக்கா. வாய்க்கா தண்ணில வரும், காக்கா கால்ல வரும். யாராலயும் தடுக்க முடியாது. ஆனா குட்டையில ஏற்கெனவே இருக்குற கிருமிங்க எல்லாம் அரைப்பசியோட இருக்குதுல்ல, அதுங்க கெடைக்கிற துளியையும் அடிச்சுப் பிடிச்சுத் தின்னு தீத்துடும். புதுசா வர்றவனுக்கு ஒண்ணும் மிஞ்சாது. பட்டினி கெடந்து போயிடுவான். நீங்க மிச்சம் விட்டாத்தான் குடியேறுவான்."

தண்ணீரைப் பசியோடு வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். நல்ல பெண்தான். ஆனால் அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. பசியோடு வைத்திரு என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

இறால் சாப்பிட்டதா என்று பார்க்க செக் ட்ரே என்று ஒன்று இருக்கிறது. வலை கட்டிய தட்டு. கயிற்றில் கட்டி இறக்கி, தீவனம் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். தட்டில் மிச்சம் இருந்தால் அடுத்த வேளை குறைக்க வேண்டும். சுத்தமாக இருந்தால் அதே அளவு.

இன்று அவர் தூக்கும்போது நான் பின்னால் நின்றேன். தட்டில் இரண்டு மூன்று சோற்றுப் பருக்கை ஊறிக் கிடந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பருக்கையைப் பொறுக்கித் தூர எறிந்தார். "சுத்தமா இருக்கு" என்று சொல்லித் தட்டை இறக்கினார்.

நான் போடுவது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் காட்டிக்கொள்ளவில்லை. அவரைப் போல மனுஷன் இல்லை.

மார்ச் 24, திங்கள்

சோறு மட்டும் போதாது என்று தோன்றியது. வளர்கிற பிள்ளைகள். தீவன மூட்டையிலிருந்து முந்தானையில் கொஞ்சம் அள்ளிக்கொண்டேன். மேற்குக் கரையில் சுபா பையை அவிழ்த்த இடத்தில் போட்டேன். ஓடி வருகின்றன. மனசு ஆறுகிறது. வேறு எதிலும் ஆறுவதில்லை.

மார்ச் 27, வியாழன்

மூட்டை சீக்கிரம் தீர்ந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை கேட்காமல் போய் வாங்கி வந்தார்.

மார்ச் 30, ஞாயிறு

எழுதலாமா என்று தெரியவில்லை.

விடிவதற்கு முன்னால் எழுந்து போனேன். இருட்டு பிரியவில்லை. குட்டைக்குக் காற்றுக் கொடுக்கிற ஏரேட்டர் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது. அதன் இறக்கை அடித்த இடமெல்லாம் வெளிச்சம். நீலமும் பச்சையும் கலந்தது மாதிரி, நிலா உடைந்து விழுந்தது மாதிரி. சோற்றைப் போட்டேன். விழுந்த இடத்தில் ஒரு வளையம் மின்னிப் பரவி என் காலுக்குப் பக்கத்தில் வந்து அணைந்தது.

கையை விட்டேன். விரல் இடுக்கெல்லாம் மின்னியது.

சுபா என்று கூப்பிட்டேன். தண்ணீர் மின்னியது.

ஏப்ரல் 1, செவ்வாய்

இருந்தாள். மேற்குக் கரையில்தான் அதிகம். நான் போடுகிற இடத்தில்.

ஏப்ரல் 2, புதன்

இருந்தாள். பழைய சோறும் கருவாடும் கொண்டுபோனேன். யாரிடமும் சொல்லப் போவதில்லை. சொன்னால் கூட்டம் கூடும், சூடம் கொளுத்துவார்கள், அவள் பயந்து போய்விடுவாள். அவரிடமும் சொல்லவில்லை. பாவமாகத்தான் இருக்கிறது. அவராகப் பார்த்தால் பார்க்கட்டும்.

ரொம்ப நாளைக்கப்புறம் தலைக்கு எண்ணெய் வைத்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

அமிர்தலிங்கம் அண்ணன் குட்டையில் இறால் செத்து ஒதுங்குகிறது. அவர் ஆத்திரத்தில் ப்ளீச்சிங் பவுடரை மூட்டை மூட்டையாகக் கரைத்து ஊற்றினார். சாயங்காலம் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்தது. எல்லாக் கிருமியும் குளோஸ் என்று கரையில் நின்று மீசையைத் தடவினார். எங்கள் ஆளிடமும் வந்து, நீயும் ஊற்று முருகையா, நாளைக்கு அழாதே என்றார். இவர் ஏரேட்டரைப் பார்க்கப் போய்விட்டார்.

ஏப்ரல் 7, திங்கள்

எங்கள் குட்டையிலும் ஓரத்துக்கு வருகின்றன. மீசை அறுந்து, ஓட்டுக்குள் தெரிகிற வயிற்றுக் கோடு காலியாக, தொட்டால் மெதுமெதுவென்று. காக்காய்கள் கரை முழுக்க.

வயிறு காலியாக இருக்கிறதே, இன்னும் போட வேண்டுமோ என்று நினைத்தேன். போட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பெனிட்டா வந்தாள். ஒரு வாளியில் குட்டைத் தண்ணீரை மொண்டாள். அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடி, ஒரு ஓரத்தை விலக்கித் தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். கையால் தண்ணீரைக் கலக்கினாள். பிறகு தலையை வெளியே எடுத்து அவரைப் பார்த்தாள்.

"அண்ணே, மின்னுது. எத்தன நாளா மின்னுது?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நானும் சாக்குக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். அதே வெளிச்சம். அதே நிறம். வாளிக்குள்.

அது விப்ரியோ என்றாள். அந்தக் கிருமி எக்கச்சக்கமாகப் பெருகிவிட்டால் தண்ணீர் மின்னுமாம். அவள் தட்டு முழுக்கப் பச்சை. எங்கேயோ நிறைய மிச்சம் விழுகிறது, அதைத் தின்றுதான் குடியேறியிருக்கிறது என்றாள். மேற்குக் கரையில் கையை விட்டுக் கறுப்புச் சேற்றை அள்ளி மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ப்ளீச்சிங் ஊற்றலாமா என்று அவர் கேட்டார். அமிர்தலிங்கம் அண்ணன் குட்டையைக் காட்டினாள். அங்கே தெளிந்த தண்ணீர் மறுபடி கலங்கி, முன்னைவிட மோசமாகச் செத்துக்கொண்டிருந்தது.

"நல்லது கெட்டது எல்லாத்தையும் கொன்னுட்டாரு. அடியில சாப்பாடு அப்படியே கெடக்கு. போட்டிக்கு ஆளே இல்லாத வீட்டுல மொதல்ல எவன் நொழைஞ்சானோ அவனுக்குத்தான் எல்லாம். வேகமா பெருகுறது இந்தச் சனியன்தான்."

எங்களுக்குச் சொன்னது இது. தீவனத்தை அடியோடு நிறுத்த வேண்டும். நல்ல கிருமிப் பொடியை வெல்லப்பாகில் ஊறவைத்து ஊற்ற வேண்டும். அவை பெருகி, கிடக்கிற மிச்சத்தை இதோடு மல்லுக்கட்டித் தின்று தீர்க்கும். நான் சொல்லும் வரைக்கும் ஒரு குருணை உள்ளே விழக் கூடாது அக்கா என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள்.

"பசியில செத்துடாதா?" என்று கேட்டேன்.

"சாகாது. பட்டினி போட்டாத்தான் பொழைக்கும்."

இதே வார்த்தையை நான் முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

வெளிச்சத்தைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

வெல்லப்பாகு ஊற்றினோம். தீவனம் போடவில்லை. உலை இரண்டு பேருக்கு. அரிசியை அள்ளி, பாதியைத் திரும்பக் கொட்டினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் மேற்குக் கரையில் நின்றேன். பிழைத்திருப்பவை என் நிழலைப் பார்த்ததும் வந்தன. அந்த இடத்துக்கு வந்தால் கிடைக்கும் என்று பழகிவிட்டன. கரை ஓரமாக மீசையை ஆட்டிக்கொண்டு நிற்கின்றன. கையில் ஒன்றும் இல்லை என்று விரித்துக் காட்டினேன். இறாலுக்கு என்ன தெரியும்.

ஆஸ்பத்திரியில் சுபாவின் கட்டிலுக்கு மேலே ஒரு அட்டை தொங்கியது. வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று. குடலில் ஓட்டை விழுந்து ஆபரேஷன் பண்ணியிருந்தார்கள். குடல் காலியாக இருந்தால்தான் ஆறும் என்று பெரிய டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சரியாகத்தான் சொல்லியிருப்பார். பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அவள் பஞ்சைக் கடித்து உறிஞ்சினாள்.

"அம்மா, ஒரு வாய் பழய சோறும்மா. கருவாடு கூட வேணாம். ஒரு வாய்."

நாளைக்குத் தர்றேன் கண்ணு என்றேன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றேன். பக்கத்துக் கட்டில் அம்மா சாப்பிடும்போது அந்தப் பக்கம் திரையை இழுத்துவிட்டேன், வாசனை வரக் கூடாதென்று. வாசனை வந்தது.

அவர் அப்போது கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவே இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பெனிட்டா தட்டைக் கொண்டுவந்து காட்டினாள். பச்சை குறைகிறது. மஞ்சள் மேலே வருகிறது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் தாங்குங்கள் அக்கா, பாதிக் குட்டையாவது தேறிவிடும் என்றாள். காபி போட்டுக் கொடுத்தேன். கிருமிகளுக்குள் நடக்கிற சண்டையைச் சொன்னாள். அதுகளுக்குக் கையும் இல்லை, பல்லும் இல்லையாம். ஒன்றை ஒன்று கடிக்காது. யார் முன்னால் தின்று தீர்ப்பது என்பதுதான் சண்டையே. தோற்றது பசியில் ஒடுங்கிப் போய்விடும்.

அப்படியானால் ஜெயித்தது என்ன ஆகும் என்று கேட்டேன்.

அதுவும் பசியோடுதான் இருக்கும் என்றாள்.

பாதிக் குட்டை தேறினால் அவர் போக மாட்டார். நான் தாங்குவேன்.

ஏப்ரல் 12, சனி

விடியும்போது குட்டைக்குப் போனேன். கையை வீசிக்கொண்டுதான் போனேன். தண்ணீரில் வெளிச்சம் இல்லை. மங்கலாக ஓரத்தில் மட்டும் இரண்டொரு பொறி.

கிழக்குக் கரையில் அவர் குந்தி இருந்தார். முதுகு தெரிந்தது. மடியில் பச்சை மூடி டிபன் பாக்ஸ்.

அதிலிருந்து சோற்றை எடுத்து உருட்டி, ஒவ்வொரு உருண்டையாகத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார். எறியவில்லை. வாயில் ஊட்டுகிற மாதிரி, தண்ணீருக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் விட்டார். பக்கத்தில் தீவன மூட்டை வாய் திறந்து கிடந்தது. இரண்டு கையாலும் அதிலிருந்து அள்ளிப் போட்டார். மறுபடியும் அள்ளினார்.

கூப்பிட்டிருக்கலாம். குட்டை ஒன்றும் கடல் இல்லை, கூப்பிட்டால் கேட்கும். பெனிட்டா சொன்னது எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. திருப்பூர் ஞாபகம் இருந்தது. அண்ணன் வீடு ஞாபகம் இருந்தது.

அவர் முடிக்கும் வரைக்கும் நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. தெருவில் எல்லார் வாசலிலும் கோலம். எங்கள் குட்டையில் இறால் வெள்ளையாக மிதக்கிறது. கரை தெரியவில்லை. பெனிட்டா வந்து பார்த்து, எப்படி அண்ணே, எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தட்டை ஸ்கூட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டாள். வலை போட்டுக் கிடைத்ததை அள்ளிவிடச் சொன்னாள். அமிர்தலிங்கம் அண்ணனும் வந்து வலையின் ஒரு முனையைப் பிடித்தார்.

எல்லாரும் போன பிறகு கரையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவர் டிபன் பாக்ஸை மடியில் வைத்திருந்தார். மறைக்கவில்லை.

"பாத்தியா?"

"பாத்தேன். எப்பலேர்ந்து போடுறீங்க?"

"காரியத்துக்கு மறுநாள்லேர்ந்து. என் சோத்த."

நானும்தான் என்றேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிள்ளை போன பிறகு என் முகத்தை அவர் பார்த்தது இன்றுதான்.

"அப்ப செக் ட்ரேல கெடந்த பருக்கை?"

"நான் போட்டது. நீங்க தெரிஞ்சும் காட்டிக்கலன்னு நெனச்சேன்."

"நான் போட்டதுன்னுதான் நான் எடுத்து எறிஞ்சேன்."

காக்காய் ஒன்று பக்கத்திலேயே வந்து இறாலை இழுத்தது. இரண்டு பேரும் அதை விரட்டவில்லை.

"தண்ணி மின்னுச்சே, அதயும் பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேன். சுபான்னு நெனச்சேன்."

"சீக்குன்னு எனக்குத் தெரியும். மொத நாளே தெரியும். ஓடிப்போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. விடியிற வரைக்கும் பாத்துகிட்டு நின்னேன்."

ஏப்ரல் 26, சனி

தண்ணீரை வடித்துவிட்டோம். அடிச் சேறு வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. பெனிட்டா வந்து சொல்லிவிட்டுப் போனாள். பாளம் பாளமாக வெடிக்கும் வரை காயட்டும். அடுத்த தடவை தண்ணீர் விட்டதும் முதலில் நல்ல கிருமிகளைக் குடியேற்ற வேண்டும், அவை தின்று தண்ணீர் மெலிந்த பிறகுதான் குஞ்சு விட வேண்டும் என்றாள். அடுத்த தடவை என்று அவள் சொன்னபோது நாங்கள் இரண்டு பேரும் தலையை ஆட்டினோம். அவளுக்காக.

அவர் டிபன் பாக்ஸைத் தேய்த்துக் கழுவி அலமாரியில் பழைய இடத்தில் வைத்தார். நான் கொடியிலிருந்து பாவாடையை எடுத்து மடித்தேன். வெயிலில் ஒரு பக்கம் வெளுத்துப் போயிருந்தது.

ராத்திரி இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். மிச்சம் வைக்கவில்லை. பானையில் ஒரு பருக்கை இல்லை. சாப்பிட்ட பிறகும் எழுந்திருக்கத் தோன்றாமல் காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தோம்.

ஏப்ரல் 28, திங்கள்

காலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். இந்தா என்பார் என்று நினைத்தேன்.

"சுபாம்மா, வர்றேன்" என்றார்.

அண்ணன் நாளைக்கு வண்டி கொண்டுவருகிறேன் என்று ஆள் அனுப்பியிருக்கிறான். இன்று ஒரு நாள் இங்கே சமைக்க வேண்டும். உலை கொதிக்கிறது. மூன்று பேருக்கு எவ்வளவு என்று கைக்குத் தெரியும். இரண்டு பேருக்கு இப்போதுதான் பழகியது. ஒரு ஆளுக்கு எவ்வளவு போடுவது என்று தெரியாமல் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.